கடைசியாகக் கடந்த ஐந்து சாவடிகள்

சன்னலோரம் நீயே உக்காந்துக்கோ கண்ணு. எனக்கு எதிர்க்காத்து ஆகாது, தலைவலி வந்துரும். பையை எதுக்கு மடியில வெச்சுக்கிட்டுச் சிரமப்படறே, கீழ வையி, நான் காலோட அணைச்சுப் புடிச்சுக்கறேன். அது என்ன கழுத்துல கார்டு? பேங்கா? இல்லியா? போன் எடுக்கற வேலையா! அதாங் கஸ்டமர் கேருங்கறது. அட சாமி, உங்க ஆளுங்கள்ல ஒருத்தராச்சும் நேருல ஆப்புட மாட்டாங்களான்னு நாலஞ்சு மாசமாத் தேடிக்கிட்டு இருக்கறேன். பயப்படாதே, சண்டைக்கு வரல.

காதுல மாட்டறதைச் சித்த நேரம் கையிலயே வெச்சிரு. நாள் பூரா அதை மாட்டிக்கிட்டுத்தானே பேசிட்டு வர்றே, காதுக்கும் ஓய்வு வேண்டாமா? உம்பேரென்ன? எதுக்குன்னா, சும்மாதான் கேட்டேன். சொல்ல வேண்டாம்னா உட்டுரு. உங்க வேலையில அப்படிப் பழக்கி உட்டிருப்பாங்க. எம்பேரு பாவாயி. முதலைப்பட்டியில ஊடு. எனக்கு ஒளிச்சு வெக்கறதுக்கு ஒண்ணுமில்லை.

எங்கூட்டுக்காரரு பேரு வையாபுரி. சொந்த லாரி, பன்னெண்டு சக்கரம், அவரே ஓட்டறாரு. இங்கிருந்து ஜவ்வரிசி ஏத்திக்கிட்டு நாக்பூரு போவாரு. வர்றப்போ இங்க கோழித் தீவன மில்லுக்கு மக்காச்சோளம் ஏத்திக்கிட்டு வருவாரு. போக நாலு நாளு, வர நாலு நாளு, அங்க லோடு கிடைக்கற வரைக்கும் காத்துக் கெடக்கறது மூணு நாளோ நாலு நாளோ. மாசத்துல நாலஞ்சு நாளு ஊட்டுல இருந்தாப் பெரிசு. கல்யாணமாயி இருபத்தேழு வருசம் ஆச்சு. அன்னைக்கு உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேன், அவருகூட நான் இருந்தது நாலு வருசம் தேறல.

ஒரே புள்ள, தாரணி. ஓசூருல கட்டிக் குடுத்திருக்குது. அவ கம்பெனி வேலைக்குப் போறா, உன்னாட்டக் கார்டு மாட்டிக்கிட்டு. ஒரு நாளைக்கு ஒரு போன் போதும்மான்னு சொல்லிப்போட்டா. அதுவும் பொழுதோட ஏழு மணிக்கு மேல. அவளுக்கு என்ன வேலையோ, எத்தனை நெருக்கடியோ, நான் தப்பா நினைக்கல.

செரி, சங்கதிக்கு வர்றேன். லாரிக் கண்ணாடியில ஒட்டறாங்களே, டோல் கேட்டுல நிக்காமப் போறதுக்கு, அந்த ஸ்டிக்கரு. அது வந்த புதுசுல லாரிக்காரங்க சங்கத்துக் கட்டடத்துல வெச்சு ஒரு கம்பெனிக்காரரு எல்லாருக்கும் எழுதி எழுதிக் குடுத்தாரு. நானும் கூடப் போயிருந்தேன். ஒவ்வொருத்தரும் நாலு நம்பர் வெச்சுக்கோணும், பின் நம்பரு, அது வேற ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, சம்சாரத்துகிட்டக்கூடச் சொல்லக்கூடாதுன்னாரு. நான் பக்கத்துலதான் நிக்கறேன். எல்லாரும் சிரிச்சுப் போட்டாங்க. எங்கூட்டுக்காரரு என்னைத் திரும்பிப் பாத்து, "ஏம்புள்ள, நீ ஒரு நம்பரச் சொல்லு"ன்னாரு. அத்தனை பேரு முன்னாடி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

எங்க கல்யாண வருசத்தைச் சொன்னேன், தொண்ணூத்தியேழு. கம்பெனிக்காரரு, "அதெல்லாம் வெக்காதீங்கம்மா, சுலபமாக் கண்டுபுடிச்சுருவாங்க"ன்னாரு. எங்க கல்யாணத்தை ஆருங்க ஞாபகம் வெச்சிருக்கப் போறா, நீங்க எழுதுங்கன்னேன். அதையே வெச்சாரு.

அப்பக் குடுத்த அட்டையில ஒரு போன் நம்பர் போட்டிருந்துச்சு. அட்டை ஊட்டுல, சாமி படத்துக்குப் பின்னால கெடந்துச்சு. மகளைக் கட்டிக் குடுத்த அடுத்த மாசம். ஊடு ஓன்னு கெடக்குது. டிவி போட்டாலும் ஓன்னுதான் கெடக்குது. ஒரு நாளு சும்மா அந்த நம்பருக்கு அடிச்சுப் பாத்தேன். தமிழுக்கு ஒண்ணை அழுத்துங்கன்னு ஒரு பொம்பளை சொன்னா, அழுத்துனேன். வாடிக்கையாளர் எண் கேட்டா, அட்டையைப் பாத்துப் போட்டேன். நாலு நம்பர் கேட்டா, போட்டேன். அப்பறம் சொல்றா பாரு, "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் வாகனம் கடைசியாகக் கடந்த ஐந்து சாவடிகள்"னு. எந்த ஊரு டோல், எந்தத் தேதி, எத்தனை மணின்னு ஒண்ணொண்ணாச் சொல்றா.

எனக்கு ஒடம்பு புல்லரிச்சுப் போச்சு கண்ணு. இருபத்தேழு வருசமா அந்த மனுசன் வாசலத் தாண்டுனா எங்க இருக்கறாருன்னு எனக்குத் தெரியாது. மழை பேஞ்சா அங்க பேயுதான்னு தெரியாது. இன்னைக்கு ஒருத்தி சொல்றா, காத்தால ஆறு இருவதுக்கு அவரு கர்னூல் டோலைத் தாண்டிட்டாருன்னு. அந்த நேரத்துக்கு நான் இங்க வாசல் கூட்டிக்கிட்டு இருந்தேன்.

மிசினுதான், எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் பேசுனேன். அவ சொல்லி முடிச்சதும் செரிங்கம்மிணின்னு நானும் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுத்தான் வெப்பேன். அன்பான வாடிக்கையாளரேன்னு கூப்பிடறாளே. எங்கூட்டுல என்னை அப்படிக் கூப்பிட வேற ஆரு இருக்கறா?

ஒரு நாளைக்கு நாலு தடவையாச்சும் அடிப்பேன். எழுந்ததும் ஒண்ணு, சோறு ஆக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, வெளக்கு வெச்சு ஒண்ணு. கேட்டதையெல்லாம் அடுப்பங்கரைச் சுவத்துல எழுதி வெச்சேன். ஓசூரத் தாண்டி நான் எந்த ஊரும் பாத்ததில்லை. ஆனா கிருஷ்ணகிரியில இருந்து பெங்களூரு எத்தனை மணி நேரம், அனந்தபூருக்கும் கர்னூலுக்கும் நடுவுல லோடு வண்டி எத்தனை மணி நேரம் எடுக்கும், எல்லாம் சொல்லுவேன். கேட்டுப் பாரு. கேக்க வேண்டாமா? செரி.

அவ சொன்ன கையோட அவருக்கு ஒரு போன் போட்டுருவேன். "ஏனுங்க, அனந்தபூரு தாண்டிட்டீங்களாட்ட இருக்குது, சாப்டீங்களா?" மொத நாளு அவரு அசந்துட்டாரு. "உனக்கெப்படிப் புள்ள தெரியும்?"னாரு. சொன்னேன். சிரிச்சாரு. நல்லாச் சிரிச்சாரு, நான் பொய் சொல்லல. அப்பறம் ஒவ்வொரு டோலுக்கும் ஒரு போன். தண்ணி குடிச்சீங்களா, டயர்ல காத்துப் பாத்தீங்களா, அந்த ஐதராபாத்து ஓட்டல்ல திங்காதீங்க, போன தடவை வயிறு கெட்டுச்சே. ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை ஆவும். கூட வர்ற டிரைவருங்க அவரைக் கிண்டல் பண்ணுவாங்களாம், உம்பட சம்சாரம் போலீசு வேலைக்குப் போயிருக்கோணும் வையாபுரின்னு. எனக்கு அதக் கேட்டுப் பெருமையாத்தான் இருந்துச்சு. எத்தனை பேரு சம்சாரத்துக்கு அவங்க புருசன் எங்க இருக்கறாருன்னு தெரியும்?

போன ஆவணி மாசம் ஒரு நாளு. காத்தால எட்டு மணிக்கு ஒரு டோலைத் தாண்டியிருக்கறாரு. அடுத்த டோலுக்கு ஒண்ணரை மணி நேரம்தான் வழி. பத்து மணிக்கு அடிச்சேன், தாண்டல. பதினொண்ணு, தாண்டல. பன்னெண்டு, தாண்டல. அவரு போனை எடுக்கல. அவருகூட வேற லாரியில போற டிரைவரு நம்பரு எங்கிட்ட இருந்துச்சு. அவருக்கு அடிச்சு அழுவறேன். அவரு இன்னும் மூணு பேருக்குச் சொல்லி, நாலு லாரி ரோட்டோரம் நின்னு நின்னு தேடிக்கிட்டுப் போவுது. கடைசியில எங்க இருந்தாருங்கறே? ஒரு பாலத்தடியில. வண்டியை நிழல்ல போட்டுட்டுப் படுத்துக் கெடந்தாராம்.

"என்னங்க, தூக்கமா?"ன்னேன்.

"தூங்கல புள்ள."

"பின்ன?"

"நெழலு நல்லா இருந்துச்சு. சும்மா படுத்திருந்தேன்."

நீயே சொல்லு, ஒரு மனுசன் அஞ்சு மணி நேரம் பாலத்தடியில சும்மா படுத்திருப்பானா? நான் உடல. அந்த நடை ஊடு வந்து சேர்ற வரைக்கும் கேட்டேன். ஊட்டுக்கு வந்தும் கேட்டேன். சோத்தைப் போட்டு வெச்சுக்கிட்டு, ஆரு அந்தப் பொம்பளைன்னு கேட்டேன். அவரு மொதல்ல சிரிச்சாரு. ரெண்டாந்தடவை கேட்டப்போ சிரிக்கல. தட்டுல கையக் கழுவிக்கிட்டு எந்திரிச்சுட்டாரு. நான் அதுக்கும் ஒரு அர்த்தம் பண்ணிக்கிட்டேன்.

தீவாளி முடிஞ்சு வண்டி கெளம்புன மறு நாளு. எப்பவும் போல அடிக்கறேன். நாலு நம்பர் போட்டேன். "நீங்கள் அழுத்திய பின் நம்பர் தவறானது"ங்கறா. கை தவறிருச்சுன்னு நினைச்சேன். மறுக்கா நிதானமாப் போட்டேன். தவறானது. மூணாந்தடவை கண்ணாடி போட்டுக்கிட்டு, ஒண்ணு, ஒம்போது, ஒம்போது, ஏழுன்னு வாயில சொல்லிச் சொல்லிப் போட்டேன். "உங்கள் கணக்கின் பாதுகாப்புக் கருதி இருபத்து நாலு மணி நேரத்துக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது"ன்னு வெச்சுட்டா. அத்தனை நாளு பழகுனவ, அன்பான வாடிக்கையாளரேன்னு கூட ஒரு வார்த்தை சொல்லல.

அப்பறந்தான் உங்க ஆளுகிட்டப் பேசுனேன். ஒம்பதை அழுத்துனா ஆளு வருவாங்களே. ஒரு ஆம்பளை எடுத்தாரு, நல்ல மரியாதையான பேச்சு. வாடிக்கையாளர் பொறந்த தேதி கேட்டாரு, சொன்னேன். அவங்கம்மா பேரு கேட்டாரு, சொன்னேன். அவரு பொறந்த நட்சத்திரம் வேணுமான்னேன். வேண்டாம்மா, சாரு போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்கன்னாரு. சாரு ரோட்டுல இருக்கறாருங்களே. அப்போ சொல்ல முடியாதும்மா, பின் நம்பரை அவரேதான் மாத்தியிருக்கறாரு, இது வாடிக்கையாளரோட சொந்தத் தகவல்ங்கறாரு.

சொந்தத் தகவல்! நான் கேக்கறேன் கண்ணு, கோவிச்சுக்காதே, உங்களுக்கெல்லாம் இப்படிப் பேச உக்கார வெச்சுச் சொல்லித் தர்றாங்களா? அவரு ஒடம்புல எத்தனை மச்சம் இருக்குதுன்னு எனக்குத் தெரியும். எந்தப் பல்லு ஆடுதுன்னு தெரியும். எனக்குத் தெரியாம அவருக்குன்னு என்ன சொந்தத் தகவல் இருக்குது? சம்சாரம்ங்க நானுன்னேன். தெரியுதும்மா, சம்சாரத்துக்குக்கூடச் சொல்லக்கூடாதுன்னுதான் விதியிங்கறாரு.

நீயும் அதையேதான் சொல்லுவியா? தலையை ஆட்டறே. ஆட்டு ஆட்டு. எல்லாரும் ஒரே பள்ளிக்கூடம்.

ஆனா அவரு இன்னொண்ணு சொன்னாரு. ஒரு நாளைக்கு மூணு தடவை போடலாமாம். மூணும் தப்புன்னா நாளைக்கு மறுக்கா மூணு. செரி, கண்டுபுடிச்சுட்டாப் போச்சுன்னு நினைச்சேன். எம்புருசன் மனசுல இருக்கற நாலு நம்பரு எனக்குத் தெரியாதா? எம்பொறந்த வருசம் போட்டேன். தப்பு. தாரணி பொறந்த வருசம், தேதி, எல்லாம் தப்பு. லாரி நம்பரு தப்பு. பழைய லாரி நம்பரு தப்பு. அவங்கம்மா செத்த தேதி, ஊடு கட்டிக் குடி போன தேதி. மாத்திரை முழுங்கறாப்புல சோறு தின்னுபோட்டு மூணு வேளைக்கு மூணு. கார்த்திகை பூரா போட்டேன், மார்கழி பூரா போட்டேன். நூத்தி எம்பதாவது இருக்கும். ஒண்ணு கூட அவரு மனசுல இருந்தது இல்லை.

அதுதான் எனக்கு வெசனம் கண்ணு. நம்பரு போனாப் போவுது. இத்தனை வருசம் கூடப் பொழைச்சும், அவரு நாலு நம்பரு நினைச்சா என்ன நினைப்பாருன்னு எனக்குத் தெரியலையே. ஆத்துல வுளுந்தாப்புல இருந்துச்சு. ராத்திரி சோறு ஆக்கறதையே உட்டுட்டேன்.

அப்பறம் ஒரு நாளு அதே ஆளுகிட்டப் பேசறப்போ சொல்றாரு, ஒவ்வொரு தடவை தப்பாப் போடறப்பவும் சாரு போனுக்கு ஒரு மெசேஜ் போவும்மா, உங்கள் கணக்கைத் திறக்க யாரோ முயற்சி செய்யறாங்கன்னு. அப்போ அவருக்குத் தெரியும். ரெண்டு மாசமா தெனமும் மூணு மெசேஜ் வந்திருக்குது, ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்கல. போன்ல பேசுனா, மழையா, வெயிலா, புள்ள போன் பண்ணுச்சான்னு அதே பேச்சு. செரி, தெனமும் மூணு வேளை நான் நினைக்கறேங்கறது அவருக்குத் தெரியட்டும்னு மனசத் தேத்திக்கிட்டேன். ஒரு விதத்துல அதுவும் நல்லதுதானே?

தை பொறந்துச்சு. நாக்பூருல லோடு ஏத்திட்டேன்னு சொன்னாரு. எனக்கு மிசினு வேண்டாம், மணிக்கணக்கு எனக்கே தெரியும். ஓமலூர் டோலுக்கு அவரு எப்ப வருவாருன்னு போட்டுப் பாத்து, அன்னைக்குக் காத்தால மொதப் பஸ்சுக்கே போயி டோலுக்கு எதுத்தாப்புல டீக்கடையில உக்காந்துட்டேன். டீக்கடைக்காரம்மா என்னைப் பாத்து, ஆருக்கு வெயிட் பண்றீங்கன்னா. எங்கூட்டுக்காரருக்குன்னேன். மூணு டீ குடிச்சேன். பதினொண்ணு இருவதுக்கு வந்துச்சு வண்டி. மஞ்சக் கேபினு, நெத்தியில தாரணின்னு செவப்புல எழுதியிருக்கும்.

கையத் தூக்கோணும்னுதான் எந்திரிச்சேன். தூக்கல. அவரு மூஞ்சியப் பாத்துட்டு நின்னுட்டேன். ஆரும் பாக்கலைன்னு நினைக்கற மூஞ்சி. கேட்டுகிட்ட ரோடு கூட்டற அம்மாகிட்டத் தலைய நீட்டி என்னமோ சொன்னாரு. அந்தம்மா சிரிச்சா, அவரும் சிரிச்சாரு. என்ன சொன்னாருன்னு எனக்குக் கேக்கல. அந்தச் சிரிப்ப நான் எங்கூட்டுல பாத்து எத்தனை வருசமாச்சுன்னு நினைச்சேன்.

பஸ்சப் புடிச்சு ஓடியாந்தேன். அவரு ரெண்டு மணிக்கெல்லாம் வந்துருவாருல்ல? கறி எடுத்து, வறுத்து, ரசம் வெச்சு, வாசல்லயே நிக்கறேன். ரெண்டு ஆச்சு. நாலு ஆச்சு. வண்டியக் காணோம். ஆறு மணிக்குப் போன் வருது. "இப்பத்தான் புள்ள கிருஷ்ணகிரி வந்தேன். வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. நாளைக்குப் பொழுதோட ஊட்டுல இருப்பேன்."

நான் உங்களப் பாத்தேனே ஓமலூருலன்னு வாயி வரைக்கும் வந்துச்சு. செரிங்கன்னேன். கறியச் சுண்ட வெச்சு மூடிப்போட்டேன்.

அன்னைக்கு என்ன நினைச்சிருப்பேன்னு உனக்கே தெரியும். ஓமலூருக்கும் நம்மூருக்கும் நடுவுல எவளோ ஒருத்தி இருக்கறா. காத்தால கெளம்பி, சேலம் பஸ்சுல சன்னலோரம் உக்காந்து, ரோட்டோரம் ஒரு எடம் உடாமப் பாத்துக்கிட்டுப் போனேன். பன்னெண்டு சக்கர வண்டி, சட்டைப் பையில போட்டு ஒளிக்க முடியுமா? ஆண்டகளூர் கேட்டுத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கு. அதுக்குப் பின்னால காலி எடம். ஒரு வேப்பமரம். அங்க நிக்குது எங்க வண்டி.

எறங்கி, பஞ்சர் கடைக்குப் பொறத்தாண்ட நின்னு பாத்தேன். கைலி கட்டிக்கிட்டு, தொவைச்ச பனியனைக் கண்ணாடி மேல காயப் போட்டுட்டு, ஸ்டவ்வைப் பத்த வெச்சு, வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருக்கறாரு. அவசரமே இல்லை. ஒரு வெங்காயம் அரியறாரு, மரத்தப் பாக்கறாரு, இன்னொண்ணு அரியறாரு. நான் அரை மணி நேரம் நின்னேன், ஆரும் வரல. ஆருமே இல்லை கண்ணு. ஒருத்தி இருந்திருந்தா முடியப் புடிச்சு ரோட்டுக்கு இழுத்திருப்பேன், ஊரக் கூட்டியிருப்பேன். ஆருமே இல்லாத எடத்துல நான் ஆரப் புடிச்சு இழுக்கறது?

போனை எடுத்து அடிச்சேன். அங்கிருந்தே. அவரு போனு பலகை மேல கெடந்துச்சு. எடுத்துப் பாத்தாரு. எம்பேரைப் பாத்தாரு. கோவப்படல, மூஞ்சியச் சுளிக்கல. ரயில் கேட்டுல வண்டி போற வரைக்கும் நிக்கறாப்புல, அது அடிச்சு ஓயற வரைக்கும் கையில வெச்சுக்கிட்டு இருந்தாரு. ஓஞ்சதும் வெச்சுட்டு, சட்டியில எண்ணெய ஊத்துனாரு.

நான் பஸ் ஏறுனதுக்கு அப்பறம் கூப்பிட்டாரு. "வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன் புள்ள, கேக்கல." "செரிங்க, பாத்து வாங்க"ன்னேன். பொழுதோட வந்தாரு. ரெண்டு கிலோ ஆரஞ்சு வாங்கிக்கிட்டு வந்தாரு. நல்லாத் தின்னாரு, நல்லாப் பேசுனாரு, எனக்கு ஒரு குறையும் வெக்கல. ஊட்டுக்கு ஒரு மணி நேரத்துல வந்திருக்கலாம், எதுக்குங்க அங்க ஒரு நாளுன்னு கேக்கோணும் கேக்கோணும்னு இருந்துச்சு. கேக்கல. அவரு பதில் சொல்லிருவாரோன்னு எனக்குப் பயம்.

இந்த மாசி மாசம் அவரே கேட்டாரு. சோத்துல மோரு ஊத்திக்கிட்டே, தலையத் தூக்காம, "அந்த நாலு நம்பரு உனக்கு வேணுமா புள்ள?"ன்னாரு. வேணும்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். "வேண்டாங்க. உங்க நம்பரு உங்ககிட்டயே இருக்கட்டும்"னு சொல்லிப்போட்டேன். அவரு எம்மூஞ்சியையே பாத்தாரு. அப்பறம் "செரி"ன்னாரு. அந்தச் செரியில எத்தனை நிம்மதிங்கறே. நான் மோருச் சட்டிய எடுத்துக்கிட்டு உள்ள போயி அழுது முடிச்சுட்டுத்தான் வந்தேன்.

அவ்வளவுதான் கண்ணு. அன்னையோட மிசினுக்கு அடிக்கறதில்லை. டோல் டோலாப் போன் போடறதில்லை. காத்தால ஒண்ணு, பொழுதோட ஒண்ணு. ஒரு மனுசனுக்கு ஒரு நாளு தனியாக் கெடக்கோணும்னு இருந்தா உட்டுரோணும். அவங்களா வாயத் தொறக்கற வரைக்கும் நாம பேச்சுக் குடுக்கக்கூடாது. இந்த வயசுல எனக்கு இது புரிஞ்சிருக்குது. நீ சின்னப் புள்ள, நாளைக்குக் கல்யாணமாயிப் போறவ, இப்பவே தெரிஞ்சு வெச்சுக்கோ. என்ன, கண்ண மூடிக்கிட்டே? தூக்கமா? இரு இரு, தூங்காதே, இன்னும் கொஞ்சம்தான்.

இன்னைக்குக் காத்தால போன்ல சொன்னாரு, நாளைக்கு வர்றேன்னு. நாளைக்குன்னா இன்னைக்கே அந்த வேப்பமரத்தடிக்கு வந்துருவாருன்னு எனக்குத் தெரியும். இந்த ஒரு நாளு எனக்கு ஊட்டுல இருக்க முடியறதில்லை. போனு பக்கத்துல இருந்தாக் கை சும்மா இருக்காது. அதனால போனை அரிசிப் பானைக்குள்ள வெச்சு மூடிட்டு, பஸ் ஏறிருவேன். சேலம் வரைக்கும் போவேன், அதே பஸ்சுல திரும்பி வருவேன், மறுக்கா ஒரு தடவை போவேன். ஆரையாச்சும் பாத்துப் பேசிக்கிட்டு இருந்தா நேரம் போயிருது. இல்லை இல்லை, அவரப் பாக்கறதுக்குப் போறதில்லை. பாக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்ல? பஸ்சு இந்த ரோட்டுல போவுது, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

ஆண்டகளூர் கேட்டு வந்துருச்சா? கண்ணு, நான் குனிஞ்சுக்கறேன். முந்தானையத் தலையில போட்டுக்கறேன். நீ சன்னல்ல பாரு. இந்தப் பக்கந்தான், பங்கு வருது பாரு, பங்குக்குப் பின்னால, வேப்பமரம். மஞ்சக் கேபினு. நிக்குதா? நிக்குதா கண்ணு? நல்லாப் பாத்தியா? ஆளு தெரியறாரா? என்ன பண்றாரு? படுத்திருக்கறாரா? கட்டில்லயா, தரையிலயா? தனியாத்தானே? போயிருச்சா. செரி செரி. சட்டை என்ன கலருன்னு பாத்தியா? பாக்கலியா. போவுது உடு.

நிக்கறாரு. போதும். நல்லா இருக்கட்டும்.

உன்னாட்டப் புள்ளகிட்டச் சொன்னதுல எனக்கு நெஞ்சே லேசாயிருச்சு. போன தடவை ஒரு காலேசுப் புள்ள உக்காந்துச்சு, பாதியிலயே பின்னால சீட்டுக்குப் போயிருச்சு, காத்து வரலைன்னு. அதுக்கு முந்துன தடவை ஒரு டீச்சரம்மா, தூங்கியே போயிட்டாங்க. நீ ஒருத்திதான் முழுசாக் கேட்டே. நீ ஒரு வார்த்தை பேசலைன்னாலும் உம்மனசு எனக்குத் தெரியுது. உனக்கு எத்தனை மணிக்கு வேலை உடும்? தெனமும் இந்தப் பஸ்சுதானா?

என்ன, எந்திரிச்சுட்டே? பையா? இந்தா, பை இங்கதான் இருக்குது, கொஞ்சம் காலை எடுத்துக்கறேன். இது மல்லூருதான் கண்ணு, சேலம் இன்னும் வரல. நீ சேலத்துக்குல்ல டிக்கெட்டு எடுத்தே? கண்டக்டருகிட்ட நீ கேட்டது எங்காதுல வுளுந்துச்சே. இங்க வேலையா? மல்லூருலயா? இன்னேரத்துக்கா? செரி, வேலைன்னா என்ன பண்றது. பாத்துப் போ, படி ஒசரம். ஏனுங்க கண்டக்டரே, விசில் அடிச்சராதீங்க, புள்ள எறங்குது. கண்ணு, இங்க பாரு, வர்ற மாசம் பன்னெண்டாந்தேதி வாக்குல அவரு திரும்ப வருவாரு. அன்னைக்கு நான் இதே பஸ்சுலதான் இருப்பேன். கூட்டமா இருந்தாலும் வெசனப்படாதே, உனக்கு எம்பக்கத்துல நானே எடம் போட்டு வெச்சிருக்கறேன்.